ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தரச் சான்று வந்துவிட்டது; சுகாதாரத் துறைக்கு?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கும். ஒரு நாள், ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் தேசிய தரச் சான்று பெற்றதாகச் செய்தி வருகிறது. மருத்துவ அலுவலரும் செவிலியர்களும் சான்றிதழோடு நிற்கும் படமும் வருகிறது. மழை தொடங்கியதும் அதே வட்டாரத்தில் டெங்கு, வீடு வீடாகக் காய்ச்சல், மருத்துவ முகாம் என்று செய்தி மாறுகிறது. சான்று வாங்கிய இடத்திலேயே நோய் பரவுகிறதே, அப்புறம் அந்தச் சான்று எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். அந்தச் சான்று சோதிப்பது ஒன்று, நோய்ப்பரவலைத் தடுக்கத் தேவைப்படுவது இன்னொன்று. இரண்டாவதைச் சோதித்துச் சான்று தரும் முறை சில நாடுகளில் இருக்கிறது. இங்கே இன்னும் வரவில்லை.

நிலையத்துக்குத் தரும் சான்று எதைச் சோதிக்கிறது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் கொண்டுவந்தது தேசிய தர உறுதித் தரநிலைகள். அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டால் புறநோயாளிகள் பிரிவு, உள்நோயாளிகள் பிரிவு, பிரசவ அறை, ஆய்வகம், தேசிய சுகாதாரத் திட்டங்கள், பொது நிர்வாகம் என்று பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒட்டுமொத்தமாக 70 சதவீதமாவது எடுத்தால்தான் சான்று. மூன்று ஆண்டுகள் செல்லும்.

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கை கழுவும் வசதி, மருந்து இருப்பு, நோயாளியின் தனியுரிமை, மருத்துவக் கழிவைப் பிரிப்பது என எத்தனையோ விஷயங்கள் இந்தப் பட்டியலால் நம்மூரில் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் சான்று பேசுவது பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள் நடப்பதைப் பற்றி. சங்ககிரி லாரிக்கு எஃப்.சி. வாங்கியாயிற்று என்றால் அந்த வண்டி ஓடத் தகுதியானது என்று பொருள். நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் யார் வருவார்கள், எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

நோய்ப்பரவல் நடப்பது வளாகத்துக்கு வெளியே. லைன் வீட்டில், பனியன் கம்பெனி விடுதியில், மேல்நிலைத் தொட்டியில், தனியார் கிளினிக்கில். அங்கெல்லாம் கண் வைத்திருக்க வேண்டியது மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர் நல அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று நீளும் துறை. அந்தத் துறை முழுவதையும் வெளியாள் வந்து சோதிப்பதுதான் துறை அங்கீகாரம்.

துறை அங்கீகாரம் எப்படி நடக்கிறது?

இதில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பொது சுகாதார அங்கீகார வாரியம் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2007-இல் தொடங்கப்பட்டது. 2011-இல் விண்ணப்பங்களை வாங்க ஆரம்பித்து, 2013-இல் முதல் தொகுதித் துறைகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. மாநில, மாவட்ட அளவிலான சுகாதாரத் துறைகளும் பழங்குடியினரின் சுகாதாரத் துறைகளும் விண்ணப்பிக்கலாம். கட்டாயம் கிடையாது. ஐந்து ஆண்டுகள் செல்லும், இடையில் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும்.

விண்ணப்பிக்கும் துறையிடம் முதலில் மூன்று ஆவணங்களை எதிர்பார்க்கிறார்கள். தன் மக்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்ற மதிப்பீடு, அதை மேம்படுத்தும் திட்டம், துறையின் சொந்தச் செயல்திட்டம். அப்புறம் ஒவ்வொரு தரநிலைக்கும் சான்றாவணம் கேட்பார்கள். "செய்கிறோம்" என்று சொன்னால் போதாது; தேதியிட்ட காகிதம் வேண்டும். பல இடங்களில் ஒன்றுக்கு இரண்டு உதாரணம் கேட்கப்படும், அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். ஆவணங்களைப் படித்து, நேரில் வந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஊர் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் அனுபவசாலிகள். அதே வேலையைச் செய்பவர் என்பதால் எந்த இடத்தில் காகிதம் ஒன்று சொல்லி நடப்பு வேறாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நோய்ப்பரவலோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள் இவை:

1. நோய் பற்றிய தகவல் இரவு, விடுமுறை என்று பாராமல் எந்நேரமும் வந்து சேர வழி இருக்கிறதா? அந்த வழி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தீர்களா?
2. எந்த நோய்க்கு எப்படிப் புலனாய்வது, யார் எதைச் செய்வது என்று எழுதிய நெறிமுறை உண்டா? அதன்படி நடந்த ஒரு புலனாய்வின் அறிக்கையைக் காட்டுங்கள்.
3. ஆய்வகம், தொற்றியல் வல்லுநர் ஆகியோரின் உதவி எந்நேரமும் கிடைக்குமா? உங்களிடம் இல்லையென்றால் வேறு யாரோடு ஒப்பந்தம்?
4. நோயாளிகள் திடீரென்று பெருகினால் கூடுதல் ஆளும் பொருளும் எங்கிருந்து வரும்?
5. பொதுமக்களுக்கும் மருத்துவர்களுக்கும் அவசரச் செய்தி எப்படிப் போகும்?
6. கடந்த பரவல் முடிந்ததும் என்ன சரியாக நடந்தது, எது தவறியது என்று எழுதினீர்களா? அதன் பிறகு எதை மாற்றினீர்கள்?

இந்த ஆறில் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம். மற்றவை தயார்நிலையைக் கேட்கின்றன; இது மட்டும் துறைக்கு நினைவு இருக்கிறதா என்று கேட்கிறது.

நாள் கணக்கு: திருப்பூர் லைன் வீட்டில் ஒரு டெங்கு

இந்தக் கேள்விகள் ஏன் உயிர் சம்பந்தப்பட்டவை என்று புரிய டெங்குவின் நாள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கோவையிலும் திருப்பூரிலும் பல பகுதிகளில் நல்ல தண்ணி தினமும் வருவதில்லை. சில நாளுக்கு ஒருமுறை வரும். கோடையில் அந்த இடைவெளி பத்து நாளைத் தாண்டுவதும் உண்டு. உப்புத் தண்ணி போர்வெல்லில் கிடைத்தாலும், குடிக்க, சமைக்க வந்த தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பதைத் தவிர வழியில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள். தண்ணீர் வரும் இடைவெளியும் கொசு வளரும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. டிரம்மைக் காலி செய்தால் மட்டும் தீராது. சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமல் பல மாதம் தாங்கும் என்பதால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இப்போது அந்த வரிசையில் ஒருவருக்கு டெங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கடித்த கொசு மற்றவருக்குப் பரப்பத் தயாராக 8 முதல் 12 நாள் ஆகும். அந்தக் கொசு கடித்தவருக்குக் காய்ச்சல் தொடங்க மேலும் 4 முதல் 10 நாள். ஆக, முதல் நோயாளிக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் கிடைக்கிறது. துறை வேலை செய்ய வேண்டிய காலம் அதுதான். அந்த நாட்கள் எங்கெல்லாம் வீணாகின்றன என்று பாருங்கள்:

1. வெளிமாநிலத் தொழிலாளி முதலில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார். லீவு போட்டால் கூலி போகும். இரண்டு மூன்று நாள் கழிகிறது.
2. தனியார் கிளினிக்கில் உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்டில் டெங்கு என்று வருகிறது. அரசுக் கணக்கில் எலைசா என்ற ஆய்வக ரத்தப் பரிசோதனைதான் செல்லும்: காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதன் பிறகு உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். எனவே மாதிரி மறுபடி எடுக்கப்பட வேண்டும், அல்லது தகவலே போகாமல் நின்றுவிடும்.
3. தகவல் போனாலும், நோயாளி கொடுத்த முகவரி கம்பெனி முகவரியாக இருக்கிறது. தங்கியிருக்கும் லைன் வீடு வேறு வார்டு, சில சமயம் ஊராட்சிப் பகுதி. மாநகராட்சிப் பட்டியலிலிருந்து ஊரகப் பட்டியலுக்கு அந்தப் பெயர் மாற இன்னும் ஒரு நாள்.
4. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் போகும்போது வீடு பூட்டியிருக்கிறது. எல்லோரும் ஷிப்டில்.

எந்த ஒரு படியிலும் பெரிய குற்றம் யாரும் செய்யவில்லை. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் பத்து நாள் போய்விடுகிறது. அப்புறம் புகை மருந்து அடித்தால் பறக்கும் கொசு கொஞ்சம் சாகும்; அடுத்த சுற்றுத் தொற்று அதற்குள் விதைக்கப்பட்டிருக்கும்.

அங்கீகாரம் கேட்கும் கேள்விகள் இந்தப் படிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தொடுகின்றன. தனியார் கிளினிக்கிலிருந்து தகவல் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று பதிவு இருக்கிறதா? முகவரி எல்லை மாறினால் யார் யாருக்குத் தொலைபேச வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? பூட்டிய வீட்டுக்கு மாலையில் திரும்பப் போனதற்குப் பதிவு உண்டா? இதையே எண்ணிக்கையில் அளக்க உலக அளவில் 7-1-7 என்ற இலக்கு 2021-இல் முன்வைக்கப்பட்டது: பரவல் தொடங்கிய 7 நாளுக்குள் கண்டறிய வேண்டும், 1 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் தொடக்க நடவடிக்கைகளை முடிக்க வேண்டும். மேலே சொன்ன டெங்குக் கணக்கோடு இதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த 7-களின் அருமை புரியும்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பது

தமிழ்நாடு இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் இங்கே நூறாண்டைக் கடந்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகம் வேறு, நோய்த்தடுப்பு வேறு என்று பிரித்து, நோய்த்தடுப்புக்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்களை வைத்திருப்பது பல மாநிலங்களில் இல்லாத பலம். சட்டமும் இருக்கிறது: 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம். அறிவிக்கை செய்யப்பட்ட தொற்றுநோயைக் கண்டால் தெரிவிக்கும் கடமை தனியார் மருத்துவருக்கும் அந்தச் சட்டத்தின்படி உண்டு.

தகவல் வழியும் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் களப்பணியாளர், மருத்துவர், ஆய்வகம் ஆகிய மூவரும் தனித்தனிப் படிவத்தில் நோய்த் தகவல் அனுப்புகிறார்கள். வாரம் ஒருமுறை காகிதத்தில் போனது, 2021 முதல் இணையத் தளத்தில் உடனுக்குடன் பதியும் முறைக்கு மாறியது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகம் அமைப்பதும் ஒரு பகுதி.

களத்தில் நடக்கும் சின்ன வேலைகளில்கூட முறை இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப்போடு தெருக் கடைசிக் குழாய்க்குப் போவார். குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து, மருந்துத் துளி விட்டு, எழும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். மஞ்சளே எழவில்லை என்றால் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கவில்லை, அல்லது வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது. இந்தச் சோதனையைத் தொட்டிக்குப் பக்கத்தில் செய்தால் பயனில்லை. கடைசிக் குழாயில்தான் செய்ய வேண்டும். அங்கீகாரத்துக்கு வரும் ஆய்வாளர் கேட்பது இதன் அடுத்த கட்டத்தை: குளோரின் இல்லை என்று குறித்த நாளில் டேங்க் ஆபரேட்டருக்கு யார் சொன்னார், மறுசோதனை எப்போது நடந்தது?

இல்லாதது என்ன?

மாவட்டப் பொது சுகாதார அமைப்பை முழுதாக எடுத்து, வெளியாள் வந்து சோதித்து, அங்கீகாரம் தரும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. நிலையங்களுக்கு உண்டு. ஆய்வகங்களுக்கு தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல் உண்டு. நாடு முழுமைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார விதிகள் சார்ந்த மதிப்பீடு உண்டு. நடுவில் இருக்கும் மாவட்டம் விடுபட்டுப் போகிறது.

கொங்குப் பகுதிக்கு இந்த இடைவெளி கூடுதலாக வலிக்கும். காரணம், இங்கே ஒரு பரவலுக்குள் எத்தனை அலுவலகங்கள் வருகின்றன என்பதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என்று மாநகராட்சிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நகரமா கிராமமா என்று சொல்ல முடியாத ஊராட்சிகள். தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியம், கழிவுக்கு உள்ளாட்சி, தொழிலாளர் விடுதிக்கு வேறு துறை, கோழிப்பண்ணைக்குக் கால்நடை பராமரிப்புத் துறை. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றதும் வாளையாறு வழியாக வரும் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதும், நாமக்கல் பண்ணைகளில் கண்காணிப்பு கூடுவதும் நாம் பல முறை பார்த்தது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நிபா வைரஸும் அப்படித்தான். 2018-இல் கோழிக்கோட்டில் வந்தபோது தூரமாகத் தெரிந்தது. 2025 ஜூலையில் பக்கத்துப் பாலக்காடு மாவட்டத்திலேயே உறுதியானது. பாலக்காட்டிலிருந்து கோவை மருத்துவமனைகளுக்குத் தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் அறிகுறி இருந்தால் தனியார் மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர் யாரை அழைப்பார்? கேரள அலுவலருக்கு யார் சொல்வார்? சோதனைச் சாவடியில் உடல் வெப்பம் பார்ப்பதைவிட இந்த இரண்டு தொலைபேசி எண்கள் சரியாக இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். காய்ச்சல் தொடங்காத நோயாளி சாவடியைக் கடந்துவிடுவார்.

துறையின் நினைவு பற்றியும் சொல்ல வேண்டும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கிய பிளேக்கை ஊர் மறக்கவில்லை. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. மக்கள் தங்கள் நினைவைக் கோயிலாக வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தின் நினைவு காகிதத்தில் இருந்தால்தான் உண்டு, ஏனென்றால் அலுவலர்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள். 2020 மார்ச்சில் தாய்லாந்திலிருந்து வந்தவர்கள் வழியாக ஈரோட்டில் கொரோனா தெரிந்தபோது, தெருக்களை அடைத்து வீடு வீடாகத் தொடர்புகளைத் தேடி, ஏப்ரல் இறுதிக்குள் சிகிச்சையில் யாரும் இல்லை என்ற நிலையை அந்த மாவட்டம் எட்டியது. அடுத்த ஆண்டு மே இறுதியில் தினசரி தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. வைரஸ் மாறியிருந்தது, அளவும் வேறு; இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் முதல் அனுபவம் எந்த வடிவில் எழுதப்பட்டது, பக்கத்து மாவட்டத்துக்கு எப்படிப் போனது என்ற கேள்வியை அங்கீகாரக் குழு கட்டாயம் கேட்டிருக்கும்.

அங்கீகாரத்தால் முடியாதவை

இதை ஒரு மந்திரமாகச் சொல்லக் கூடாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, சான்று இல்லாமலும் நன்றாகச் செயல்பட முடியும். 2018 நிபாவில் முதல் நோயாளி கண்டறியப்படாமலேயே இறந்தார். இரண்டாவது நோயாளியைப் பார்த்த கோழிக்கோட்டுத் தனியார் மருத்துவமனை மருத்துவர்கள் சந்தேகப்பட்டு உடனே மாதிரியை அனுப்பியதால்தான் நோய் பிடிபட்டது. கூர்மையான மருத்துவரும், அவர் சொன்னதை உடனே எடுத்துக்கொண்ட அரசும் அங்கே இருந்தார்கள்.

இரண்டாவது, சான்று இருந்தும் தடுமாறலாம். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற துறைகள் நிறைய இருந்தும் கொரோனாவில் அந்த நாடு பட்ட பாடு தெரிந்ததே. அரசியல் முடிவுகளையும் ஆள் பற்றாக்குறையையும் எந்தத் தரநிலையும் ஈடு செய்யாது. அங்கீகாரம் பெற்ற துறைகளில் தர மேம்பாட்டுப் பழக்கம் வலுத்ததாக அந்தத் துறைகளே சொல்கின்றன. ஆனால் ஏற்கெனவே நன்றாக இருக்கும் துறைகளே விண்ணப்பிக்க முன்வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது நம் மலைமேலேயே நடந்தது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் நாட்டின் தடுப்பூசித் தேவைக்குப் பெரும் பங்களித்து வந்தது. நல்ல உற்பத்தி நெறிமுறைத் தரத்தை எட்டவில்லை என்று 2008 ஜனவரியில் அதன் உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. கசௌலி, கிண்டியில் இருந்த மற்ற இரண்டு அரசுத் தடுப்பூசி நிறுவனங்களுக்கும் அதே நிலைமை. 2010-இல்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. தடுப்பூசிக்குத் தரம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தரத்தை எட்டத் தேவையான பணமும் கட்டடமும் காலமும் முன்கூட்டித் தராமல் தண்டனையை மட்டும் கொடுத்தால் பாதிக்கப்படுவது தடுப்பூசிக்குக் காத்திருக்கும் குழந்தைகள். சுகாதாரத் துறைக்கு அங்கீகாரம் கொண்டுவந்தாலும் இதே கவனம் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் ஆவணம் கேட்டால், களத்துக்குப் போக வேண்டிய சுகாதார ஆய்வாளர் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார்.

எங்கே தொடங்கலாம்?

தேசிய அமைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டம் தானாகவே செய்யக்கூடியவை உண்டு.

1. ஒவ்வொரு பரவலுக்கும் மூன்று தேதிகளைப் பதிந்து வெளியிடுவது: முதல் நோயாளிக்குக் காய்ச்சல் வந்த நாள், துறைக்குத் தெரிந்த நாள், நடவடிக்கை முடிந்த நாள்.
2. பரவல் ஓய்ந்த ஒரு மாதத்துக்குள் மறுஆய்வு. அதில் மாநகராட்சி, ஊராட்சி, குடிநீர் வாரியம், தனியார் மருத்துவர்கள், தொழில் நிறுவனங்கள் எல்லோரும் உட்கார வேண்டும்.
3. பக்கத்து மாவட்ட அலுவலர்களை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. ஈரோட்டுக்காரர் திருப்பூரைப் பார்க்கட்டும், திருப்பூர்க்காரர் நாமக்கல்லைப் பார்க்கட்டும்.
4. பாலக்காடு மாவட்டத்தோடு எழுத்துப்பூர்வமான தகவல் பகிர்வு ஏற்பாடு, ஆண்டுக்கு ஒரு கூட்டு ஒத்திகை.

மூன்றாவதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். மக்கள் பக்கமிருந்து முதலாவதைக் கேட்கலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அக்டோபர், நவம்பர் கூட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையும் டெங்குக் காலத்தையும் ஒட்டியே வருகின்றன. கடந்த ஆண்டு நம்மூரில் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் பணியாளர்கள் வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், கடைசிக் குழாயில் குளோரின் பார்த்த பதிவேடு எங்கே என்று அங்கே கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.